3608528850368400786036725: அடுத்த படி இல்லாத எண்

3608528850368400786036725.

மொத்தம் 25 இலக்கங்கள். பார்த்தால் கைக்கு வந்தபடி எழுதிவைத்தது போல இருக்கிறது. ஆனால் இதில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றினாலும் இதன் குணம் கெட்டுவிடும். இதன் வாலில் இன்னொரு இலக்கத்தை ஒட்டவும் முடியாது. ஏன் முடியாது என்பதை ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நாமே பார்த்துவிடலாம். அதற்குத் தேவையான கணக்கு பள்ளியில் படித்த வகுத்தல் மட்டும்தான்.

முதலில் அந்தக் குணம் என்ன என்று பார்ப்போம். இடப்பக்கத்திலிருந்து முதல் இரண்டு இலக்கங்களை எடுங்கள்: 36. இது 2 ஆல் வகுபடும். மூன்று எடுத்தால் 360, 3 ஆல் வகுபடும். நான்கு எடுத்தால் 3608. 4 ஆல் வகுத்தால் சரியாக 902. ஐந்து எடுத்தால் 36085. 5 ஆல் வகுத்தால் 7217. 360852 ஐ 6 ஆல் வகுத்தால் 60142. 3608528 ஐ 7 ஆல் வகுத்தால் 515504. எங்குமே மீதி இல்லை. இப்படியே முதல் 8 இலக்கம் 8 ஆல், முதல் 13 இலக்கம் 13 ஆல், முதல் 19 இலக்கம் 19 ஆல் என்று போய், கடைசியில் முழு எண்ணும் 25 ஆல் வகுபடுகிறது.

இந்தக் குணம் உள்ள எண்களை ஆங்கிலத்தில் பாலிடிவிசிபிள் எண்கள் என்பார்கள். ஒவ்வொரு இலக்கமும் ஒரு படி ஏறுவது போல எனக்குத் தோன்றுவதால் இங்கே 'படி எண்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இதைப் புரிந்துகொள்ள நல்ல வழி, நாமே ஒரு படி எண்ணைக் கட்டிப் பார்ப்பதுதான். 1 இல் தொடங்குவோம். அடுத்து 2 சேர்த்தால் 12. 2 ஆல் வகுபடும். அப்புறம் 3 சேர்த்தால் 123. அது 3 இன் 41 மடங்கு. இங்கே 4 சேர்க்கத்தான் கை போகும். ஆனால் 1234 நான்கால் வகுபடாது. ஓர் எண் 4 ஆல் வகுபடுமா என்று அறிய அதன் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் போதும், ஏனென்றால் 100 என்பதே 4 இன் மடங்கு. 32 வகுபடும், 36 வகுபடும். நான் 6 ஐ எடுத்துக்கொள்கிறேன்: 1236. அடுத்த படி 5 ஆல் வகுபட வேண்டும் என்பதால் 0 அல்லது 5. ஐந்தை வைப்போம்: 12365.

இனிமேல்தான் சுவாரசியம். ஆறாவது படியில் எண் இரட்டைப்படையாகவும் இருக்க வேண்டும், இலக்கங்களின் கூட்டல் 3 ஆல் வகுபடவும் வேண்டும். இதுவரை கூட்டல் 17. 1, 4, 7 ஆகிய மூன்றில் ஒன்றைச் சேர்த்தால் 3 இன் மடங்கு வரும். மூன்றில் இரட்டைப்படை 4 மட்டும்தான். ஆக, 123654. ஏழாவது படி: 123654 ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 6. அந்த 6 க்குப் பக்கத்தில் புதிய இலக்கத்தை இறக்கினால் 60 இலிருந்து 69 வரை ஏதோ ஓர் எண் வரும். அதில் 7 இன் மடங்கு 63 மட்டுமே. எனவே 1236543. எட்டாவது படியில் கடைசி மூன்று இலக்கம் 8 ஆல் வகுபட வேண்டும். 430 இலிருந்து 439 வரை உள்ளவற்றில் 432 ஒன்றுதான் தேறும். ஆகவே 12365432. ஒன்பதாவது படி: கூட்டல் 26, அதை 27 ஆக்க 1 வேண்டும். 123654321. பத்தாவது படியில் வேறு வழியே இல்லை, 0. இப்போது கையில் 1236543210.

நானாக வைத்தவை 1, 2, 3, 6, 5 மட்டும். ஆறாவது படி முதல் எண் தானாகவே தன்னை எழுதிக்கொண்டு போனது. அதுவும் 6 இலிருந்து 0 வரை வரிசையாக இறங்கி வந்து நிற்கிறது. முதல் முறை இதைப் போட்டுப் பார்த்தபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்ப வகுத்தேன். தப்பு இல்லை.

மேலே போவோம். 11 க்கான சோதனை: இலக்கங்களை ஒன்றைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, மாறி மாறிப் போக வேண்டும். கிடைப்பது 0 ஆகவோ 11 இன் மடங்காகவோ இருந்தால் எண் 11 ஆல் வகுபடும். (10 என்பது 11 ஐவிட ஒன்று குறைவு, 100 என்பது 99 ஐவிட ஒன்று கூடுதல், 1000 என்பது 1001 ஐவிட ஒன்று குறைவு. 99, 1001 இரண்டும் 11 இன் மடங்குகள். அதனால்தான் கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வருகின்றன.) நம் பத்து இலக்கத்துக்கு 1 − 2 + 3 − 6 + 5 − 4 + 3 − 2 + 1 − 0 = −1. ஆக, பதினோராவது இலக்கம் 1. பன்னிரண்டாவது படியில் எண் 4 ஆலும் 3 ஆலும் வகுபட வேண்டும்; 2 தான் பொருந்துகிறது. பதின்மூன்றாவது படியில் 3. இப்போது எண்ணைப் பாருங்கள்: 1236543210123. இறங்கி வந்தது மறுபடி ஏறுகிறது!

பதினான்காவது இலக்கம் 2 என்று வருகிறது: 12365432101232. பதினைந்தாவது படியில்தான் முட்டுகிறது. 15 ஆல் வகுபட வேண்டுமானால் 5 ஆலும் 3 ஆலும் வகுபட வேண்டும். 5 க்கு கடைசி இலக்கம் 0 அல்லது 5 ஆக வேண்டும். இதுவரை இலக்கங்களின் கூட்டல் 35. 3 க்கு 1, 4, 7 இவற்றில் ஒன்று வேண்டும். இரண்டுக்கும் பொதுவான இலக்கம் இல்லை. நம் எண்ணின் பயணம் 14 இலக்கத்தோடு முடிந்தது.

இதே போல 25 இலக்கம் வரை முட்டாமல் போன ஒன்றைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் 3816547290 ஐச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 381 கோடியே 65 லட்சத்து 47 ஆயிரத்து 290. இதுவும் படி எண்தான். கூடவே, 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் இதில் ஒவ்வொரு முறை வருகின்றன. இந்த இரண்டு குணமும் சேர்ந்த பத்து இலக்க எண் உலகத்தில் இது ஒன்றே ஒன்றுதான். பத்து இலக்கங்களை வரிசை மாற்றி அடுக்க 36 லட்சத்துக்கும் அதிகமான வழிகள் இருக்கின்றன. அத்தனையையும் சோதிக்க வேண்டியதில்லை, யோசித்தாலே போதும்.

பத்தாவது இலக்கம் 0. அது அங்கே போய்விட்டதால் ஐந்தாவது இலக்கத்துக்கு மிஞ்சுவது 5. இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவது இடங்களில் இரட்டைப்படை வர வேண்டும். எனவே 2, 4, 6, 8 அங்கே போய்விடும். மிச்ச இடங்களுக்கு 1, 3, 7, 9. நான்காவது படியில் மூன்றாம் இலக்கம் ஒற்றைப்படை. ஒற்றைப்படைக்குப் பின்னால் 2 அல்லது 6 வந்தால்தான் அந்த இரண்டு இலக்கம் 4 இன் மடங்கு ஆகும்: 12, 16, 32, 36, 72, 76, இப்படி. ஆகவே நான்காவது இடத்தில் 2 அல்லது 6. எட்டாவது இடத்துக்கும் இதே நியாயம்தான். 2 உம் 6 உம் அங்கே போனால் இரண்டாவது, ஆறாவது இடங்களுக்கு 4 உம் 8 உம்.

முதல் மூன்று இலக்கம் 3 ஆல் வகுபடுகிறது, முதல் ஆறும் வகுபடுகிறது. அப்படியானால் இடையில் உள்ள மூன்று இலக்கமும் சேர்ந்து 3 ஆல் வகுபட வேண்டும். நடுவில் 5. 258 க்கு கூட்டல் 15, சரி. 654 க்கும் 15, சரி. 254, 658 இரண்டும் தேறாது. மற்ற விதிகளையும் வைத்துச் சலித்தால் முதல் ஏழு இலக்கத்துக்கு வெறும் பத்து வாய்ப்புகள்தான் மிஞ்சும்: 1472589, 7412589, 1896543, 9816543, 7896543, 9876543, 1836547, 3816547, 1896547, 9816547. இந்தப் பத்தையும் 7 ஆல் வகுத்துப் பாருங்கள். ஒன்பதில் மீதி வருகிறது. 3816547 இல் மட்டும் வராது. அது 7 இன் 545221 மடங்கு. எட்டாவது இடத்துக்கு 2, ஒன்பதாவதுக்கு மிச்சமிருக்கும் 9, கடைசியில் 0. முடிந்தது.

விதிகளில் 7 க்குத்தான் எளிய சோதனை இல்லை என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். இங்கே மற்ற விதிகள் பத்து வரை கொண்டுவந்து விட்ட பிறகு, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அந்த 7 தான். 3816547290 ஐ மேலே கொண்டுபோனால் 3816547290608 வரை, அதாவது 13 இலக்கம் வரை ஏறுகிறது. பதினான்காவது படியில் 7 க்கு 5 தேவை, 2 க்கு இரட்டைப்படை தேவை. அங்கே நின்றுவிடுகிறது.

சரி, சில எண்கள் 14 வரையும் 13 வரையும் வந்து நிற்கின்றன. பத்துக்கு முன்னால் எதுவுமே முட்டவில்லையே, கவனித்தீர்களா? அதற்கு ஒரு காரணம் உண்டு. ஓர் எண்ணின் வாலில் 0 முதல் 9 வரை ஒட்டிப் பார்ப்பது என்றால், அடுத்தடுத்த பத்து எண்களைச் சோதிக்கிறோம் என்று பொருள். அடுத்தடுத்த பத்து எண்களில் 7 இன் மடங்கு ஒன்றாவது இருந்தே தீரும். 8 க்கும் 9 க்கும் அப்படியே. 10 இன் மடங்கு சரியாக ஒன்று இருக்கும். ஆகவே பத்து இலக்கம் வரை யாருக்கும் தடை இல்லை. 11 இல் நிலைமை மாறுகிறது. 11 இன் இரண்டு மடங்குகளுக்கு நடுவே பத்து எண்கள் இருக்கின்றன. நம் பத்து எண்களும் சரியாக அந்த இடைவெளியில் போய் விழுந்துவிட்டால் கதை முடிந்தது.

இதன் மறுபக்கம் இன்னும் அழகு. 11 முதல் எந்தப் படியிலும் அந்தப் பத்து எண்களில் ஒரு மடங்குக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை. ஆக, பத்து இலக்கம் வரைதான் நாம் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம். அதற்குப் பிறகு ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு பாதை. அது எதுவரை போகிறதோ அதுவரை போகலாம். நம் 25 இலக்க எண்ணின் முதல் ஒன்பது இலக்கத்தை, அதாவது 360852885 ஐ மட்டும் சொன்னால் போதும், மிச்சப் பதினாறு இலக்கத்தையும் யாரும் வகுத்து வகுத்தே எழுதிவிடலாம். மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பத்து இலக்கப் படி எண்கள் மொத்தம் 2492. ஒன்பது இலக்கத்திலும் அதே 2492 தான், ஏனென்றால் பத்தாவது படியில் எல்லோரும் 0 ஐ ஒட்டிக்கொண்டு அப்படியே கடந்துவிடுகிறார்கள். இந்த 2492 பேரும் சேர்ந்து ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 11 ஆவது படியில் 267 பேர் நின்றுவிடுகிறார்கள், மிச்சம் 2225. 12 இல் 2041. 15 க்கு வரும்போது 770. 18 இல் 180, 19 இல் 90.

20 ஆவது படியில் அந்த 90 பேர் 44 ஆகிறார்கள். ஏன் ஏறக்குறைய பாதி? 20 ஆல் வகுபட வேண்டுமானால் கடைசி இரண்டு இலக்கம் 00, 20, 40, 60, 80 இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். அதாவது 19 ஆவது இலக்கம் இரட்டைப்படையாக அமைந்தவர்கள் மட்டும் தப்பிப்பார்கள். நம் எண்ணில் அது 6, தப்பித்துவிட்டது. அடுத்து 21 இல் 18, 22 இல் 12, 23 இல் 6, 24 இல் 3. அந்த மூவரில் 25 ஐத் தாண்டுவது யார்? 25 ஆல் வகுபடும் எண் 00, 25, 50, 75 இவற்றில் ஒன்றில் முடியும். 24 ஆவது இலக்கம் எப்படியும் இரட்டைப்படை. ஆகவே அது 0 அல்லது 2 ஆக இருந்தால்தான் வழி. நம் எண் 2 இல் முடிந்திருந்தது. 5 ஐ ஒட்டிக்கொண்டு மேலே போய்விட்டது. மற்ற இரண்டும் அங்கேயே நின்றுவிட்டன.

இது தற்செயலா என்று கேட்கத் தோன்றும். ஓரளவுக்குத் தற்செயல்தான். 20 ஆவது படியைத் தாண்ட ஓர் எண்ணுக்கு இரண்டில் ஒரு வாய்ப்பு, 25 ஆவதைத் தாண்ட ஐந்தில் இரண்டு என்று தோராயமாகக் கணக்கிடலாம்: பத்து இலக்கங்கள், படியின் எண்ணால் வகுத்தால் வருவது வாய்ப்பு. 2492 ஐ இப்படியே 11 இலிருந்து 25 வரை 10/11, 10/12, 10/13 என்று பெருக்கிக்கொண்டே போனால் கிடைப்பது சுமார் 0.58. ஒருவர் மிஞ்சினாலும் மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம் என்ற நிலை. உண்மையில் ஒருவர் மிஞ்சினார். இவ்வளவு எளிய கணிப்பு இவ்வளவு நெருங்கி வருவதுதான் எனக்கு வியப்பு.

ஓர் இலக்க எண்களிலிருந்து எண்ணத் தொடங்கினால் படி எண்கள் மொத்தமே 20,456. இதை இன்னொரு கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 25 இலக்க எண்கள் அத்தனையையும் ஒரு கணினி வினாடிக்கு 100 கோடி வீதம் சோதித்தால்கூட எல்லாவற்றையும் முடிக்க 28 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். படிப்படியாக ஏறினாலோ சுமார் 2 லட்சம் வகுத்தல்களில் வேலை முடிந்துவிடும். சாதாரணக் கணினிக்கு அது கண் இமைக்கும் நேரம். தேட வேண்டியது பெரிய எண்ணாக இருந்தாலும், அதன் தலைப்பகுதியே தவறு என்று தெரிந்தவுடன் மிச்சத்தை மொத்தமாக வெட்டிவிடலாம். கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல முதல் பயிற்சியை நான் பார்த்ததில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது: இந்தக் குணம் நாம் பத்தின் அடிப்படையில் எண்களை எழுதுவதோடு கட்டுப்பட்டது. கணினியின் இரும முறையில் 0, 1 இரண்டே இலக்கங்கள். அங்கே 1 இல் தொடங்கி இரட்டைப்படை ஆக்கினால் 10, அதாவது இரண்டு. மூன்றாவது இலக்கம் சேர்த்தால் 100 அல்லது 101, அதாவது நான்கு அல்லது ஐந்து. இரண்டுமே 3 ஆல் வகுபடாது. இரண்டு இலக்கத்தோடு அந்த உலகத்தின் படிகள் தீர்ந்துவிட்டன. பத்து இலக்கங்கள் இருப்பதால்தான் நமக்கு 25 படி கிடைத்தது.

இனி 26 ஆவது படி. 26 என்பது 2 × 13. முழு எண்ணையும் வகுக்க வேண்டாம். முதல் 13 இலக்கம் 13 ஆல் வகுபடுகிறது என்று ஏற்கெனவே தெரியும், அங்கே மீதி 0. எனவே மிச்சமுள்ள 400786036725 ஐ மட்டும் இடமிருந்து வகுத்துக்கொண்டு வந்தால் போதும். முதலில் 4. அடுத்த 0 ஐ இறக்கினால் 40, மீதி 1. மறுபடி 0, ஆக 10. 7 ஐ இறக்கினால் 107, மீதி 3. 8 ஐ இறக்கினால் 38, மீதி 12. 6 ஐ இறக்கினால் 126, மீதி 9. 0 ஐ இறக்கினால் 90, மீதி 12. 3 க்கு 123, மீதி 6. 6 க்கு 66, மீதி 1. 7 க்கு 17, மீதி 4. 2 க்கு 42, மீதி 3. கடைசி 5 க்கு 35, மீதி 9.

இப்போது கையில் 9. பக்கத்தில் 26 ஆவது இலக்கத்தை இறக்கினால் 90 முதல் 99 வரை ஏதோ ஒன்று வரும். அதில் 13 இன் மடங்கு 91 மட்டும்தான். ஆகவே 13 க்கு வேண்டிய இலக்கம் 1. 26 இல் உள்ள 2 க்கு இரட்டைப்படை வேண்டும். 1 ஒற்றைப்படை.

26 இலக்கப் படி எண் ஒன்று இருந்தால் அதன் முதல் 25 இலக்கம் இந்த எண்ணாகத்தான் இருக்க வேண்டும். வேறு 25 இலக்கப் படி எண் கிடையாது. 30 இலக்கத்துக்கும் அப்படித்தான், ஆயிரம் இலக்கத்துக்கும் அப்படித்தான். எல்லோரும் இந்த எண்ணின் வழியாகவே வந்தாக வேண்டும். இங்கே 91 இல் உள்ள ஓர் ஒற்றைப்படை 1 அந்த வழியை அடைத்துவிட்டது.